ஜேசிபி, கிரேன் வாடகை: விற்பனையா, சேவையா? புதிதாக இறங்குவோருக்கான வரி வழிகாட்டி

இன்றைய நிலவரப்படி பதில் நேரடியானது. 2017 ஜூலை 1 முதல், எக்ஸ்கவேட்டர், பேக்ஹோ லோடர், கிரேன், ரோலர் என எந்த இயந்திரத்தை வாடகைக்கு விட்டாலும், அதன் சொந்தம் உங்களிடமே இருக்கும்வரை ஜிஎஸ்டியில் அது சேவை. ஆபரேட்டரோடு அனுப்பினாலும் சேவை, சாவியை மட்டும் கொடுத்தாலும் சேவை. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதை இரண்டு இடங்களில் சொல்கிறது. பத்தி 1(பி): பொருளின் சொந்தம் மாறாமல் அதன்மீதான உரிமை மட்டும் கைமாறினால் அது சேவை. பத்தி 5(எஃப்): எந்தப் பொருளையும் பயன்படுத்தும் உரிமையைக் கைமாற்றினால் அது சேவை.

அப்படியானால் இந்தக் கேள்வியே தேவையில்லை என்று விட்டுவிட முடியாது. பழைய வாட் (மாநிலங்கள் விதித்த மதிப்புக் கூட்டு வரி) காலத்து வழக்குகள் இன்னும் மேல்முறையீட்டில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், "இயந்திரத்தின் கட்டுப்பாடு யார் கையில்?" என்று அன்று நீதிமன்றங்கள் கேட்ட கேள்விதான் இன்றும் பில்லில் போடும் சேவை எண், வாடிக்கையாளர் பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. அதனால் அதை முதலில் புரிந்துகொள்வது நல்லது.

கட்டுப்பாடு என்றால் என்ன?

1958இல் சென்னை மாநிலம் எதிர் கேனன் டங்கர்லி வழக்கில், ஒப்பந்தம், சொந்தம் கைமாறுதல், விலை மூன்றும் இருந்தால்தான் விற்பனை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்கில் வாடகை விற்பனையே ஆகாது. மாநிலங்களுக்கு அதன்மேல் வரி போட வழி வேண்டும் என்பதற்காக, 1982இல் அரசமைப்புச் சட்டத்தின் 46ஆவது திருத்தம் 366(29ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. அதன் (டி) பகுதிப்படி, பொருளைப் பயன்படுத்தும் உரிமையைக் கைமாற்றுவது விற்பனையாகக் கருதப்படும். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு பொது விற்பனை வரிச் சட்டத்தின் 3-ஏ பிரிவும், பிறகு 2006ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் 4ஆவது பிரிவும் இந்த அதிகாரத்தில் வந்தவை.

2008 மே 16 முதல் மத்திய அரசும் களத்தில் இறங்கியது. இயந்திரத்தின் கைவசமும் முழுக் கட்டுப்பாடும் மாறாமல் வாடகைக்கு விட்டால் சேவை வரி என்றது. ஒரே கிரேனுக்கு மாநில அதிகாரி ஒரு நோட்டீஸ், மத்திய அதிகாரி ஒரு நோட்டீஸ் என்று வந்தது இப்படித்தான். ஒரே தொகைக்கு இரண்டும் கட்ட வேண்டியதில்லை. வாட்டும் சேவை வரியும் ஒன்றையொன்று விலக்குபவை என்று 2008இல் இமேஜிக் கிரியேட்டிவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எது எந்தப் பக்கம் என்று பிரிக்கும் அளவுகோல் 2006ஆம் ஆண்டு பிஎஸ்என்எல் தீர்ப்பில் இருக்கிறது. ஐந்து கேள்விகள்: ஒப்படைக்கப் பொருள் இருக்கிறதா? எந்தப் பொருள் என்பதில் இருவரும் ஒத்துக்கொண்டார்களா? பயன்படுத்தும் சட்ட உரிமை, அதற்கான உரிமம், அனுமதியின் விளைவுகள் உட்பட, எடுப்பவருக்குப் போகிறதா? அந்தக் காலம் முழுவதும் உரிமையாளர் விலக்கப்பட்டிருக்கிறாரா? அதே உரிமையை அவர் வேறொருவருக்குக் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறாரா? ஐந்துக்கும் ஆம் என்றால் பழைய சட்டத்தில் விற்பனை. ஒன்று தவறினாலும் விற்பனை இல்லை.

டாக்ஸியில் ஏறுவதற்கும் செல்ஃப் டிரைவ் கார் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஆனால் "ஓட்டுநர் யார்?" என்று மட்டும் பார்த்தால் தவறிவிடும். இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது பிடிபடும்.

கிரேட் ஈஸ்டர்ன் ஷிப்பிங் வழக்கில் (2019 டிசம்பர்) ஒரு இழுவைக் கப்பல் ஆறு மாதத்துக்கு நியூ மங்களூர் துறைமுகத்துக்குக் கொடுக்கப்பட்டது. மாலுமிகள் உரிமையாளருடையவர்கள். ஆனாலும் அந்தக் காலம் முழுவதும் கப்பலை எப்படிப் பயன்படுத்துவது என்பது துறைமுகத்தின் கையில் மட்டுமே இருந்தது. எனவே பயன்படுத்தும் உரிமை கைமாறிவிட்டது, விற்பனை வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2024 ஜனவரி 9 அன்று வந்த கே.பி. மோசிகா எதிர் ஓஎன்ஜிசி தீர்ப்பு, அசாமில் கிரேன், டேங்கர் போன்றவை வாடகைக்குப் போனதைப் பற்றியது. அங்கே ஆட்கள், காப்பீடு, உரிமங்கள், விபத்துப் பொறுப்பு எல்லாம் ஒப்பந்தக்காரரிடமே இருந்தன. நிறுவனம் வேலையைச் சொல்லும், இயந்திரத்தின் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளாது. ஆகவே அது விற்பனை இல்லை, சேவை என்று தீர்ந்தது.

இரண்டிலும் ஆட்கள் உரிமையாளருடையவர்கள்தான். முடிவை மாற்றியது ஒப்பந்தத்தின் ஷரத்துகள். விசாகப்பட்டினம் எஃகு ஆலையின் ராஷ்ட்ரிய இஸ்பாட் வழக்கும் (உச்ச நீதிமன்றம், 2002) இதையே வேறு கோணத்தில் காட்டுகிறது. ஆலை தன் இயந்திரங்களை ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்துக் கட்டணம் வாங்கியது, ஆனால் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. எனவே வரி இல்லை.

படி 1: வண்டி வாங்கும் முன் ஜிஎஸ்டி பதிவு

புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். பொருள் விற்பவர்களுக்கான 40 லட்சம் ரூபாய் வரம்பை நினைத்துக்கொண்டு பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள். வாடகை சேவை என்பதால் உங்கள் வரம்பு 20 லட்சம் (மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுராவில் 10 லட்சம்). மாதம் 2 லட்சம் ரூபாய் வாடகை ஓடும் ஒரே வண்டி பத்து மாதத்தில் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். விலக்கு பெற்ற விவசாய வாடகை வருமானமும் இந்தக் கூட்டுத்தொகையில் சேரும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 60 லட்சம் மதிப்புள்ள எக்ஸ்கவேட்டருக்கு 18 சதவீதம் என்றால் 10.8 லட்சம் ஜிஎஸ்டி. பதிவு இல்லாத நிலையில் வாங்கிவிட்டு, வரம்பைத் தாண்டியபின் பதிவு செய்தால் அந்த உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 18(1)(ஏ) கையிருப்பில் உள்ள உள்ளீடுகளுக்குத்தான் வரவு தருகிறது, மூலதனப் பொருளுக்குத் தருவதில்லை. ஆகவே தன்னார்வப் பதிவை முதலில் எடுத்து, அந்த எண்ணைப் போட்டே டீலரிடம் பில் வாங்குங்கள்.

வண்டி கடனில் வாங்கியிருந்தாலும், பில்லும் வண்டியும் கைக்கு வந்தபின் வரவை முழுதாக எடுக்கலாம். தவணை தவணையாக எடுக்க வேண்டியதில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: வரவு எடுத்த ஜிஎஸ்டி தொகையை வண்டியின் விலையோடு சேர்த்துத் தேய்மானம் போடக்கூடாது. போட்டால் பிரிவு 16(3)இன்படி வரவு போய்விடும். ஆடிட்டரிடம் இதை முதல் வருடமே சொல்லிவிடுங்கள்.

50 லட்சம் வரையுள்ள சேவையாளர்களுக்கு 6 சதவீத இணக்க வரித் திட்டம் (காம்போசிஷன்) இருக்கிறதே என்று சிலர் அதில் சேர்கிறார்கள். அதில் உள்ளீட்டு வரவு கிடையாது, வெளிமாநில வேலை எடுக்க முடியாது, வாடிக்கையாளரிடம் தனியாக வரியும் வாங்க முடியாது. புது வண்டி வாங்குபவருக்கு அது பொருந்தவே பொருந்தாது.

படி 2: உங்கள் ஒப்பந்தம் எந்த வகை?

ஆபரேட்டர் இல்லாமல் கொடுத்தால் எஸ்ஏசி (பில்லில் போடும் சேவை எண்) 997313. கட்டுமான இயந்திரங்களை ஆபரேட்டர் இல்லாமல் வாடகைக்கு விடுவதற்கென்றே உள்ள எண் அது. இதற்கான விகிதம், அதே இயந்திரத்தை விற்றால் என்ன விகிதமோ அதுவேதான். ஜிஎஸ்டி பொருள் பட்டியலில் 8429 தலைப்பில் வரும் புல்டோசர், எக்ஸ்கவேட்டர், லோடர், ரோலருக்கு அது 2017 நவம்பரில் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

ஆபரேட்டரோடு மணிக்கணக்கில் அனுப்பினால் 997313 பொருந்தாது, ஏனென்றால் அதன் பெயரிலேயே "ஆபரேட்டர் இல்லாமல்" என்று இருக்கிறது. வேலை தோண்டுவது, மண் அள்ளுவது, சமப்படுத்துவது என்றால் 995433 இருக்கிறது. ஒர்க் ஆர்டரில் எழுதியுள்ள வேலை விவரத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கன மீட்டருக்கு இவ்வளவு என்று பேசினால் அது வாடகையே இல்லை, மண் வேலை ஒப்பந்தம். அப்போது 995433தான்.

டிப்பர், லாரி போன்ற சரக்கு வாகனங்களை ஓட்டுநரோடும் டீசலோடும் சேர்த்து வாடகைக்கு விட்டால் 9966 என்ற வேறு தலைப்பு, விகிதமும் வேறாக இருக்கலாம். எக்ஸ்கவேட்டரும் டிப்பரும் ஒரே சைட்டுக்குப் போகும்போது ஒரே உருப்படியாகப் பில் போடாமல் இரண்டையும் பிரித்து எழுதுவது இதற்காகத்தான்.

கடைசித் தவணை கட்டியதும் வண்டி எடுத்தவருக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் இருந்தால், மேலே சொன்ன இரண்டாம் அட்டவணையின் 1(சி) பத்தியில் அது பொருள் வழங்கல். இன்றைய சட்டத்தில் "விற்பனை" பக்கம் விழுவது இந்த வகை மட்டும்தான். அதற்கு மாதத் தவணைக்கு மாதம் வரி கட்டலாம் என்று நினைக்காதீர்கள். பொதுவாக வண்டியை ஒப்படைக்கும்போதே முழு விலைக்கும் வரி வந்துவிடும்.

விவசாயத்துக்கான இயந்திர வாடகைக்கு ஜிஎஸ்டியின் 12/2017 அறிவிக்கையில் விலக்கு உண்டு. அறுவடை இயந்திரம் அதில் எளிதாகப் பொருந்தும். வயலில் ஓடியது என்பதற்காக மட்டும் ஜேசிபிக்கு அந்த விலக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். விலக்கு விவசாய இயந்திரத்துக்கும் விளைச்சலோடு நேரடித் தொடர்புள்ள வேலைக்கும் உரியது. வீட்டு மனைக்கு நிலம் சமப்படுத்தியது அதில் வராது.

படி 3: ஒர்க் ஆர்டரில் எழுத வேண்டியவை

வாய்மொழியில் ஓடும் தொழில் இது. தகராறு வரும்போது கையில் இருப்பது ஒர்க் ஆர்டரும் லாக் ஷீட்டும் (வண்டி ஓடிய மணி நேரத்தின் தினசரிப் பதிவு)தான். இரண்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். "ஆபரேட்டர் எங்கள் பொறுப்பு" என்று ஆர்டரில் எழுதிவிட்டு, ஆபரேட்டருக்குச் சம்பளம் வாடிக்கையாளர் கொடுத்தால் ஆர்டர் நிற்காது.

ஆபரேட்டரோடு அனுப்புகிறீர்களா? அப்படியானால் ஆபரேட்டர், ஹெல்பர் சம்பளமும் பேட்டாவும், பராமரிப்பு, காப்பீடு, வாகன ஆவணங்கள், பழுதானால் மாற்று வண்டி அனுப்பும் உரிமை எல்லாம் உங்களிடம் இருப்பதாக எழுதுங்கள். மாற்று வண்டி ஷரத்து சின்னதாகத் தெரியும், ஆனால் குறிப்பிட்ட ஒரு வண்டியை நீங்கள் விட்டுக்கொடுத்துவிடவில்லை என்பதற்கு அது நல்ல சான்று. சாவி கொடுக்கும் வாடகை என்றால் இதைத் தலைகீழாக எழுதுங்கள்: ஒப்படைத்த தேதி, ஹவர் மீட்டர் அளவு, ஓட்டுபவரின் தகுதி, சேதத்துக்கு யார் பொறுப்பு.

டீசலைப் பற்றி ஆர்டரில் ஒரு தனி வாக்கியம் கட்டாயம் வேண்டும். டீசல் உங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்து, வாடிக்கையாளர் ஊற்றினால் பிரிவு 15(2)(பி)இன்படி அந்த மதிப்பும் உங்கள் வாடகையோடு சேர்ந்து வரிக்கு உட்படும். நீங்கள் கொடுக்க வேண்டியதை அவர் கொடுத்தார் என்று பொருள். "வாடகை டீசல் இல்லாமல். டீசல் வாடிக்கையாளரின் பொறுப்பு" என்று ஆரம்பத்திலேயே எழுதினால் அந்த வாதத்துக்கு இடம் குறைவு. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் நீங்களே ஊற்றினாலும் அதற்கு உள்ளீட்டு வரவு கிடையாது. இந்தச் செலவை வாடகையில் ஏற்றித்தான் எடுக்க வேண்டும்.

குறைந்தபட்ச மணி நேரமும் எழுதுங்கள். மாதம் 200 மணி என்று பேசி 140 மணிதான் ஓடியது என்றால், மீதி 60 மணிக்கான தொகையும் வாடகைதான், அதற்கும் வரி உண்டு. வண்டி கொண்டுபோய் இறக்கும் லோ-பெட் டிரெய்லர் செலவை நீங்கள் வசூலித்தால் அதுவும் வாடகையின் பகுதியாகி அதே விகிதத்தில் போகும்.

படி 4: பில்லும் முன்பணமும்

மூன்று மாதத்துக்கு மேல் போகும், இடையிடையே பணம் வர வேண்டிய ஒப்பந்தம் என்றால், ஒவ்வொரு தவணைக்கும் பணம் வர வேண்டிய தேதிக்குள் பில் போட வேண்டும். குறுகிய வேலை என்றால் முடிந்த 30 நாளுக்குள். பணம் வரவில்லை என்று வரியை நிறுத்த முடியாது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடும்.

பொருள் விற்பவர் முன்பணத்துக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. சேவை கொடுப்பவர் கட்ட வேண்டும். உங்கள் தொழில் சேவை என்பதன் விலை இது. முன்பணம் வாங்கிய மாதமே அதற்கு ரசீது வவுச்சர் போட்டு வரி காட்டுங்கள். திருப்பித் தர வேண்டிய வைப்புத்தொகை வேறு, அதை வாடகையில் கழிக்கும் நாள்வரை வரி இல்லை. அதனால் வாங்கும் தொகை முன்பணமா, வைப்புத்தொகையா என்பதைத் தெளிவாக எழுதி வையுங்கள்.

ஒரு மாத பில் இப்படி இருக்கும். மணிக்கு 1,200 ரூபாய், 200 மணி: 2,40,000. டிரெய்லர் செலவு: 15,000. மொத்தம் 2,55,000. சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9 சதவீதம் 22,950, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 9 சதவீதம் 22,950. பில் தொகை 3,00,900. லாக் ஷீட்டில் தினமும் ஹவர் மீட்டரின் தொடக்க, முடிவு அளவும் சைட் பொறியாளர் கையெழுத்தும் இருக்க வேண்டும். அதன் நகல் இல்லாத பில்லைப் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

எந்த மாநில வரி என்பது வாடிக்கையாளரின் பதிவைப் பொறுத்தது, பொதுவாக சைட்டைப் பொறுத்தது அல்ல. ஓசூரில் உள்ள உங்கள் வண்டி பெங்களூரு சைட்டில் ஓடினாலும், ஒர்க் ஆர்டர் கொடுத்தது தமிழ்நாட்டுப் பதிவு எண் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. கர்நாடகப் பதிவு எண் என்றால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி). ஒர்க் ஆர்டரில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

படி 5: வண்டி நகரும்போது

வாடகைக்குப் போகும் வண்டி விற்கப்படவில்லை, ஆனால் டிரெய்லரில் போகும்போது வழிச் சோதனையில் அது சரக்குதான். வாடகை பில்லைக் காட்டினால் போதாது. ஜிஎஸ்டி விதி 55இன்படி டெலிவரி சலான் போட்டு, வண்டியின் மாடல், சேஸிஸ் எண், மதிப்பு, "வாடகைக்கு, விற்பனைக்கு அல்ல" என்ற குறிப்பு எழுதி, இ-வே பில்லும் (சரக்கு நகர்வுக்கான மின்னணு ஆவணம்) எடுங்கள். பொதுவான வரம்பு 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம். எக்ஸ்கவேட்டர் எதுவும் இதற்குக் கீழே வராது. திரும்பி வரும்போதும் தனியாக எடுக்க வேண்டும். மறந்துவிடுவது இந்தத் திரும்பு பயணத்தில்தான்.

உங்கள் கிரேனை உங்கள் பெயரிலேயே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நகர்த்துவது மட்டும் வழங்கல் ஆகாது, அதற்கு ஐஜிஎஸ்டி இல்லை என்று 2017 நவம்பர் 22 தேதியிட்ட 21/21/2017 சுற்றறிக்கை சொல்கிறது. ரிக், கிரேன், கருவிகள் எல்லாம் இதில் அடக்கம். அந்த வண்டியையே அங்கே விற்கக் கொண்டுபோனால் இந்தச் சலுகை கிடையாது. சுற்றறிக்கையின் ஒரு நகல் வண்டி ஃபைலில் இருக்கட்டும்.

படி 6: வாடிக்கையாளர் பிடிப்பது

வருமான வரியில் இயந்திர வாடகைக்கு 2 சதவீத டிடிஎஸ். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 194-ஐ பிரிவு. 2025 ஏப்ரல் முதல் மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். ஆபரேட்டரோடு சேர்த்து வேலையாக எடுத்தால் ஒப்பந்தப் பணிக்கான 194-சி: தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2. 2026 ஏப்ரல் 1இலிருந்து புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. கட்டுப்பாடு யாரிடம் என்ற கேள்வி தனிநபர் உரிமையாளருக்கு இங்கே நேரடிப் பணமாகிறது. மேலே காட்டிய பில்லில் 5,100 ரூபாய் பிடிபடுமா, 2,550 ரூபாய் பிடிபடுமா என்பது ஒர்க் ஆர்டரில் எழுதியதைப் பொறுத்தது. எதுவானாலும் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால், ஜிஎஸ்டி சேராத 2,55,000இல் மட்டுமே பிடிக்க வேண்டும்.

அரசுத் துறை வேலை என்றால், 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம் தனியாகப் பிடிப்பார்கள். அது உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வந்து சேர, போர்ட்டலில் நீங்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காமல் விட்டால் அந்தப் பணம் அப்படியே கிடக்கும்.

பழைய நோட்டீஸ் கையில் இருந்தால்

2017க்கு முந்தைய காலத்துக்கு வாட் கேட்டு நோட்டீஸ் இருந்தால் முதலில் அந்தக் காலத்து ஒர்க் ஆர்டரை முழுதாகத் தேடி எடுங்கள். விலைப் பக்கம் மட்டும் போதாது, பொது நிபந்தனைகளும் வேண்டும். தீர்ப்பு அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. கூடவே லாக் ஷீட், ஆபரேட்டர் சம்பளப் பதிவேடு, காப்பீட்டு பாலிசி, சேவை வரி கட்டிய சலான், அந்த வரிக்கான எஸ்டி-3 ரிட்டர்ன். பிஎஸ்என்எல் தீர்ப்பின் ஐந்து கேள்விகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த ஷரத்து பதில் சொல்கிறது என்று எண் போட்டுப் பதில் தயாரியுங்கள். "ஆபரேட்டர் எங்களுடையவர்" என்று மட்டும் எழுதினால் கிரேட் ஈஸ்டர்ன் தீர்ப்பைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். மோசிகா தீர்ப்பின் உண்மைகளோடு உங்கள் ஒப்பந்தம் எங்கெங்கே ஒத்துப்போகிறது என்று காட்டினால்தான் வாதம் நிற்கும்.

வண்டியை விற்கும்போது

சில வருடம் ஓட்டியபின் விற்பது உண்மையான விற்பனை, பொருள் வழங்கல். பழைய கார், லாரிக்கு லாபத்துக்கு மட்டும் வரி என்ற சலுகை, ஜிஎஸ்டி பொருள் பட்டியலின் 87ஆவது அத்தியாய வாகனங்களுக்கானது. எக்ஸ்கவேட்டர் 84ஆவது அத்தியாயம் என்பதால் அதற்குக் கிடையாது. வாங்கும்போது வரவு எடுத்திருந்தால், காலத்துக்கு ஏற்றபடி கழித்த மீதி வரவு, விற்ற விலைக்கான வரி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். மூன்று வருடத்தில் வண்டியை மிகக் குறைந்த விலைக்கு விற்றால், விலைக்கான வரியைவிடக் கழித்த மீதி வரவு அதிகமாக வரலாம். விலை பேசும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு உட்காருங்கள்.